பொது நிர்வாகவியல்: பட்டமும் பதவியும்



“பிள்ளை கலெக்டராக வேண்டுமென்கிறான், பொது நிர்வாகவியல் படிக்க வைக்கலாமா?” என்று நம் வட்டாரப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், தந்தைக்குப் பின் மகனுக்கு என்றிருந்த வேலை தங்கவயலில் இல்லை. கல்வி ஒன்றே நாம் விட்டுச் செல்லக்கூடிய சொத்து. ஆகவே, பணத்தைக் கட்டுமுன் கணக்குப் பார்ப்பது நம் கடமையாகும்.

அரசாங்கம் இயற்றும் சட்டமும் ஒதுக்கும் பணமும் மக்களிடம் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை ஆராய்வதே இக்கல்வி. வரவு செலவுத் திட்டம், பணியாளர் நியமனம், ஊராட்சி, நகராட்சி ஆகியன இதனுள் அடங்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இலேயே இதற்குப் பட்டய வகுப்பு தொடங்கிற்று. 1987-இல் இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் இது தனி விருப்பப் பாடமாயிற்று. அதன்பின் ‘கலெக்டர் படிப்பு’ என்னும் எண்ணம் பரவிற்று.

உண்மை வேறு. அத்தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதன்மை எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்களில் விருப்பப் பாடத்திற்கு உரியவை 500 மட்டுமே. வேறு பட்டம் பெற்றவரும் இப்பாடத்தைத் தேர்ந்து எழுதலாம். 2024-ஆம் ஆண்டில் முதல்நிலைத் தேர்வு எழுதியோர் 5,83,213 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோர் 1,009 பேர். அதாவது, ஏறத்தாழ 578 பேருக்கு ஒருவர்.

அங்ஙனமாயின் இப்படிப்பு வீணோ? அன்று. பட்டதாரிக்குரிய மத்திய அரசு, ரயில்வே எழுத்தர் பணிகளுக்கும், கர்நாடகத்தில் முதல்நிலை உதவியாளர், ஊராட்சி வளர்ச்சி அதிகாரி முதலிய பதவிகளுக்கும் இதனைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். முதுகலை பெற்று ‘நெட்’ தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியப் பணிக்கும் வழியுண்டு. ஆனால் மாநிலப் பணிக்குக் கன்னடம் இன்றியமையாதது. வீட்டில் தமிழ் வளர்ப்போம். பிள்ளைகள் கன்னடம் எழுதவும் பழகட்டும்.

இனிச் செலவைப் பார்ப்போம். அரசுக் கல்லூரிக் கட்டணம் சுமையன்று. பெண் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்ல, இளங்கலை முடியும்வரை ரயில்வே இரண்டாம் வகுப்பு மாதப் பயணச்சீட்டை இலவசமாகவே அளிக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்ற எழுத்தனாயினும், இச்சலுகையைப் பலர் அறியாதிருப்பதை நான் அறிவேன். முதுகலையை 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வேலை பார்த்துக்கொண்டே, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிக்கலாம்.

பெருஞ்செலவு பயிற்சி நிலையங்களில்தான் உள்ளது. பெருநகரங்களில் கட்டணம் லட்சத்தைத் தாண்டுவதுண்டு. விடுதிச் செலவு வேறு. வருமானமின்றிக் கழியும் ஆண்டுகளை எவரும் கணக்கிடுவதில்லை. தாயின் நகையை அடகு வைத்து இதில் இறங்குதல் தகாது.

முதலில் ஒரு பட்டம், அடுத்து ஒரு சிறு உத்தியோகம், அதன்பின் பெரிய தேர்வு என்பதே நம் போன்ற குடும்பங்களுக்கு ஏற்ற வரிசை. ஆட்சிப்பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர்க்கு 32 வயது வரையும், பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 35 வரையும், பட்டியல் வகுப்பினர்க்கு 37 வரையும் காலமுண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு முயலும் பிள்ளை தோற்றாலும், குடும்பம் தோற்பதில்லை.