தறிக் கணக்கும் மின்சாரக் கணக்கும்

புகை விடாத வண்டியோடு எனக்குச் சண்டை கிடையாது. சண்டையெல்லாம் அந்த வண்டியின் பெயரால் எழுதப்படும் கணக்கோடுதான்.

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவர் மின்சாரக் கார் வாங்கினார். வாங்கின நாளிலிருந்து மனிதரின் பேச்சே மாறிவிட்டது. "ஸார், இது சூரியனில் ஓடுகிறது" என்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் செருகி, விடிந்ததும் பிடுங்குகிறார். பத்து மணிக்கு ஆரணியில் எந்தச் சூரியன் ஐயா உதிக்கிறது? அந்த வேளையில் கம்பியில் வருவதில் பெரும் பங்கு வடசென்னையிலும் மேட்டூரிலும் நெய்வேலியிலும் எரிகிற கரி. ஆடி மாதமானால் முப்பந்தல் காற்றும் நன்றாகவே கலந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியில்?

"சரி, மத்தியானத்தில் கடையிலேயே செருகுங்களேன்" என்றேன். கடைக்கு வணிகக் கட்டணமாம், வீட்டுக் கட்டணத்தைவிட அதிகமாம். வெயில் நேரத்து மின்சாரத்துக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2023-இல் விதி செய்தது. அதைக் கணக்கிட நேரம் பார்க்கத் தெரிந்த மீட்டர் வேண்டும். பழைய மீட்டருக்கு நடுப்பகலும் ஒன்றுதான், நள்ளிரவும் ஒன்றுதான்.

சிநேகிதரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய இடத்திலேயே அப்படித்தான் எண்ணுகிறார்கள். நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, கரியும் எண்ணெயும் சாராத வகைகளிலிருந்து வந்துவிட்டது என்று 2025-இல் அறிவித்தார்கள். 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து வருஷம் முந்தியே எட்டிவிட்டோம். வாஸ்தவம்தான், சந்தோஷமும்கூட. ஆனால் எங்கள் ஊர் நெசவாளியைக் கேளுங்கள். வீட்டில் எத்தனை தறி என்பது ஒரு கேள்வி, மாதம் எத்தனை சேலை அறுத்தாய் என்பது வேறொரு கேள்வி. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் சுரந்துவிட்டால் தறி இருந்தும் சேலை இல்லை. நிறுவுதிறன் என்பது தறியின் எண்ணிக்கை. வயிற்றுக்குச் சோறு போடுவது சேலையின் எண்ணிக்கை. 2024-25-இல் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கரியிலிருந்துதான் வந்தது.

சீமைக்காரர்கள் இந்த வித்தையில் நமக்கு அண்ணன்மார். 2030-க்குள் போக்குவரத்து எரிசக்தியில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் சட்டம் செய்தது. அதிலேயே ஒரு சலுகை: சாலை வண்டிகளுக்குப் போகும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஒரு யூனிட் என்றால் நான்காக எழுதிக்கொள்ளலாம்! ஒரு சேலை நெய்து நான்கு என்று சங்கத்தில் பதிந்தால் எங்கள் ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அதில் கொஞ்சம் சரக்கும் உண்டு. பெட்ரோல் இஞ்சின் எரிபொருளின் சக்தியில் கால் பங்கு சுமாருக்குத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மிச்சம் சூடாகப் போகிறது. மின்மோட்டார் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் எத்தனை மைல் ஓடிற்று, எவ்வளவு கரி மிச்சமாயிற்று என்று நேராக எழுதலாமே! 2023-இல் சட்டத்தைத் திருத்தி, இலக்கை 29 ஆக உயர்த்தி, வேண்டுமானால் புகைக் குறைப்பாகவே கணக்குக் காட்டலாம் என்று இன்னொரு வழியும் திறந்தார்கள். பிழைத்தோம்.

நம் ராஜ்யத்துக்கு இது அன்னியமான விஷயமல்ல. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பக்கத்து ராணிப்பேட்டையிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். 2030-இல் விற்கும் கார்களில் நூற்றுக்கு முப்பதும், பஸ்களில் நாற்பதும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளில் எண்பதும் மின்சாரமாக வேண்டும் என்பது டில்லியின் ஆசை. இந்த வரிசையில் பஸ்ஸுக்கு நாற்பதா என்றுதான் எனக்குக் கோபம். ஒரு கார் நாளெல்லாம் கடை வாசலில் தூங்குகிறது. ஒரு டவுன் பஸ் விடிந்தது முதல் இருட்டும் வரை டீசல் குடிக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நூல் வாங்கப் போகிறவளும் கூலி வாங்கி வருகிறவளும் அதில்தான் போகிறார்கள். கார் வாங்கினவருக்குச் சாலை வரியைத் தள்ளுபடி செய்தார்கள். காரே வாங்க முடியாதவளுக்குப் புகையைத் தள்ளுபடி செய்ய யாருக்கும் அவசரமில்லை.

2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடியிலிருந்து தாழ்தள மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. நல்ல காரியம். அடுத்த பஸ் எந்த ஊருக்கு? உச்சி வெயிலில், கூட்டம் குறைந்த இரண்டு மணி நேரம் எங்கள் பஸ் நிலையத்தில் நின்று மின்சாரம் ஏற்றிக்கொள்ளட்டும். கூரை போட்டு அதன் மேல் சூரியத் தகடு பரப்ப இடமிருக்கிறது. வெயிலுக்கு ஆரணியில் என்றைக்குப் பஞ்சம்? அந்தப் பஸ்ஸைப் பார்த்து ஒருவர் "சூரியனில் ஓடுகிறது" என்றால் நான் வாய் திறக்க மாட்டேன்.