கேர்னல் நினைவகக் கசிவு: பொறுப்பாளி யார்?

கணினித் துறையில் நேரும் தவறுகளுக்குக் காரணம் கூறப்புகுவோர் பெரும்பாலும் ஒரே சொல்லில் அமைதி காண்கின்றனர். 'கவனக்குறைவு' என்பதே அச்சொல். அதனைக் கூறியவுடன் ஒருவர் குற்றவாளியாகிறார், ஏனையோர் விடுவிக்கப்படுகின்றனர், தவறுக்கு இடமளித்த அமைப்போ எவ்வித மாற்றமுமின்றி நிலைத்திருக்கிறது. பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கேர்னலில் ஏற்படும் நினைவகக் கசிவு, இவ்வெளிய விளக்கத்தின் வறுமையை நன்கு புலப்படுத்தும். கசிவு என்பது தனியொருவரின் மறதி மட்டுமன்று. பெறப்பட்ட ஒரு பொருள் யாருக்கு உரியது, அதனைத் திருப்பிக் கொடுக்கும் கடமை யாருடையது என்பன தெளிவாக வரையறுக்கப்படாமையின் விளைவே அது. இவ்வுண்மையை ஏற்காதோர் கசிவைக் கண்டுபிடிக்கலாம், தீர்க்க இயலாது.

முதலில், 'கசிவு' என்னும் சொல்லே மயக்கந் தருவதாகும். ஓட்டைப் பானையிலிருந்து நீர் வெளியேறிவிடுகிறது. நினைவகத்திலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. செய்நிரல் ஒன்று தன் தேவைக்காக நினைவகத்தின் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறுகிறது. அப்பகுதியின் முகவரியைக் குறித்து வைத்திருக்கும்வரை அதனைப் பயன்படுத்தவும் திருப்பிக் கொடுக்கவும் முடியும். முகவரி தொலைந்தபின் இரண்டும் முடியா. உறுதி தொலைந்த காணிக்கே இதனை ஒப்பிடல் தகும். காணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதனை உழுவாரும் இல்லை, பிறருக்கு எழுதிக் கொடுப்பாரும் இல்லை.

சாதாரணச் செய்நிரலில் இக்குறை நேர்ந்தால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அச்செய்நிரல் முடிவுறும்போது, அது தனக்கெனப் பெற்ற நினைவகத்தைக் கேர்னல் மீளப் பெற்றுக்கொள்ளும். கேர்னலுக்கு மேலிருந்து கணக்குப் பார்ப்பாரோ எவருமிலர். 1991 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், பெரும்பாலும் சீ மொழியில் எழுதப்பட்டது. அங்கு 'கேமலொக்' என்னும் அழைப்பினாற் பெற்றதைக் 'கேஃப்ரீ' என்னும் அழைப்பினால் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுக்கத் தவறியது இயந்திரம் நிறுத்தப்படும்வரை தவறியதேயாம். இதனினும் கொடியது அடுத்து நிகழ்வது. நினைவகம் முற்றாகத் தீர்ந்துபோகும் வேளையில், லினக்ஸ் ஏதேனும் ஒரு செயன்முறையைக் கொன்று இடம் தேடும். எதனைக் கொல்வது என்பது, பயனர் செயன்முறை ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகத்தை வைத்திருக்கின்றது என்பதைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. கேர்னலின் பெயரோ அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. குற்றம் புரிந்த பகுதி தப்புகிறது. நேர்மையாக உழைத்த தரவுத்தளச் செய்நிரல் பலியாகிறது.

'நினைவகம் இன்று மலிவானது. சில பைற்றுகளுக்காக ஏன் இத்துணை ஆரவாரம்?' என வினவும் ஒரு சாரார் உளர். எளிய கணக்கொன்றே அவர்களுக்கு விடையாகும். வலையமைப்பினூடாக வரும் ஒவ்வொரு பொதிக்கும் 64 பைற்றுகள் தவறவிடப்படுவதாகக் கொள்வோம். செக்கனுக்கு 1,000 பொதிகள் வருமாயின், ஒரு நாளில் 550 கோடி பைற்றுகளுக்கு மேல் இழக்கப்படும். 16 கிகாபைற்று நினைவகம் கொண்ட சேவையகம் மூன்று நாளளவில் செயலிழந்து போகும். நினைவகத்தை இருமடங்காக்கினால் அழிவு நாள் தள்ளிப்போகுமேயன்றித் தவிராது.

'மீளத் தொடக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது மற்றொரு சாராரின் வாதம். 1992 ஆம் ஆண்டு இலண்டன் அம்புலன்ஸ் சேவையில் நிகழ்ந்ததை இவர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். அழைப்புகளைப் பதிந்து வாகனங்களை அனுப்புவதற்கென அங்கு நிறுவப்பட்ட கணினி முறைமை, அவ்வாண்டு நவம்பர் 4 ஆம் திகதி அதிகாலை 2 மணியளவிற் படிப்படியாகத் தளர்ந்து, முற்றாக நின்றுபோனது. அங்குக் கசிந்தது கேர்னல் அன்று. சேவையகத்திற் சேர்க்கப்பட்ட சிறியதொரு நிரற்பகுதி. ஒவ்வொரு முறை வாகனம் அனுப்பப்பட்டபோதும் அது நினைவகத்திற் சிறிதளவைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடாது விட்டது. மூன்று வார காலத்தில் நினைவகம் முழுவதும் தீர்ந்தது. முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தவாறு ஊழியர்கள் தத்தம் கணினிகளை நிறுத்தி மீளத் தொடக்கினர். பயன் விளையவில்லை, நோய் இருந்த இடம் வேறு, மருந்திட்ட இடம் வேறு. இறுதியில் கடதாசியையும் தொலைபேசியையுமே அவர்கள் நம்பவேண்டியதாயிற்று. மீளத் தொடக்குதலைத் தீர்வாகக் கற்பித்தமையாலேயே தளர்ச்சியின் காரணத்தைத் தேடும் கடமை மறக்கப்பட்டது எனல் மிகையாகாது. பின்னர் வெளியான விசாரணை அறிக்கை, நிரல் எழுதியவரின் கவனக்குறைவோடு தரச் சோதனை போதாமையையும் சேர்த்தே சுட்டியது. பலர் முதற்பகுதியை மட்டும் படித்து அமைதியடைகின்றனர். இரண்டாம் பகுதியே கவனத்திற்குரியது.

இனி, கருவிகளிடம் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைக்க விழைவோரைக் கருதலாம். லினக்ஸில் 2009 ஆம் ஆண்டில் 2.6.31 ஆம் பதிப்புடன் 'கேமெம்லீக்' என்னும் கருவி சேர்க்கப்பட்டது. அதன் முறை போற்றத்தக்கது. வழங்கப்பட்ட ஒவ்வொரு நினைவகத் துண்டையும் அது பதிந்துகொள்கிறது. இயல்பாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை நினைவகத்தைத் துருவி, எத்துண்டின் முகவரி எங்குமே காணப்படவில்லை எனத் தேடுகிறது. அத்தகையதை அநாதைப் பொருளாகக் கருதி, அதனைப் பெற்றுக்கொண்ட அழைப்புகளின் வரிசையுடன் அறிக்கையிடுகிறது. எனினும் அதனைத் தானாக விடுவிப்பதில்லை. இத்தயக்கம் நியாயமானதே. முகவரியைப் போலத் தோன்றும் ஓர் எண் தற்செயலாக எங்கேனும் இருந்தால் உண்மையான கசிவு மறைந்துவிடும். முகவரி வேறு வடிவிற் சேமிக்கப்பட்டிருந்தால் பயனிலுள்ள பொருளும் அநாதையாகத் தோன்றும். யாவற்றுக்கும் மேலாக, பொருள் எங்குப் பிறந்தது என்பதையே அக்கருவி கூறும். அதனை யார் விடுவித்திருக்கவேண்டும் என்பதைக் கூறமாட்டாது. அவ்வினா கருவிக்குரியதன்று, நிரலைப் படிக்கும் மனிதருக்குரியது.

2016 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிப்பட்ட குறைபாடு இதற்குத் தக்க சான்று. லினக்ஸ் கேர்னலில் கடவுச் சாவிகளைத் தொகுத்து வைக்கும் 'சாவிவளையம்' என்னும் பொருளுக்கு, அதனைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் எனக் கணக்கிடும் எண் ஒன்று உண்டு. எண் பூச்சியமானால் பொருள் விடுவிக்கப்படும். செயன்முறை ஒன்று தான் ஏற்கெனவே வைத்திருக்கும் வளையத்தையே மீண்டும் கேட்குமாயின், எண் ஒன்றாற் கூடும். அக்கிளையிற் சென்ற நிரல் அதனைக் குறைக்காது வெளியேறியது. அங்கு நினைவகத் துண்டு எதுவும் அநாதையாகவில்லை. கணக்கு மட்டுமே பிழைத்தது. ஆதலின் அநாதைகளைத் தேடும் கருவிக்கு அங்கு அகப்படுவது எதுவுமில்லை. அவ்வெண்ணோ 32 பிற்று அளவினது. ஏறத்தாழ 429 கோடி முறை கூட்டினால் அது சுற்றி மீண்டும் பூச்சியத்துக்கு வரும். அப்போது பயன்படுத்துவார் எவருமிலர் எனக் கருதிக் கேர்னல் அப்பொருளை விடுவிக்கும். தாக்குவோர் அவ்விடத்தில் தம் தரவை வைத்து இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். இதற்கு ஏறத்தாழ அரை மணி நேரமே போதியதாயிற்று. 2013 இல் வந்த 3.8 ஆம் பதிப்பு முதல் இக்குறை, எவரும் படிக்கத்தக்க மூலநிரலில் மூன்றாண்டளவு வாழ்ந்தது. திருத்தமோ ஒரே ஒரு வரி. இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியதை ஒருவரின் கவனக்குறைவு எனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

ஒரு வரியே போதுமாயின், ஐயமுள்ள இடமெங்கும் விடுவிக்கும் கட்டளையைச் சேர்த்துவிடலாமே எனத் தோன்றலாம். அது பேராபத்து. பிறர் இன்னும் பயன்படுத்தும் பொருளை முந்தி விடுவிப்பது கசிவினும் கொடிது. 2017 ஆம் ஆண்டில் 4.11 ஆம் பதிப்புடன் கேர்னலிற் புகுத்தப்பட்ட புதிய எண்ணி, எல்லையைத் தாண்ட நேரின் அங்கேயே உறைந்து நின்றுவிடும். அப்பொருள் பின்னர் ஒருபோதும் விடுவிக்கப்படாது. அஃதாவது, கேர்னல் வல்லுநர் தாமே அறிந்து கசிவைத் தெரிவு செய்தனர். உரியவர் யார் எனத் தெரியாதபோது விடுவியாதிருப்பதே நலம் என்னும் தீர்ப்பு இது.

ஆகவே, திருத்தம் என்பது உரிமையை நிரலிலேயே பொறித்துவைப்பதாகும். மூன்று வளங்களைப் பெறும் நிரற்கூறு மூன்றாவதிற் தோல்வியுற்றால், முன்னைய இரண்டையும் பெற்ற வரிசைக்கு எதிர்வரிசையில் விடுவித்தே வெளியேறவேண்டும். கசிவுகள் பெரிதும் ஒளிந்திருப்பது இத்தகைய தோல்விப் பாதைகளிலேயே. ஏனெனில் சோதிப்போர் வெற்றிப் பாதையிலேயே மீண்டும் மீண்டும் நடக்கின்றனர். சாதனம் நீங்கும்போது அதற்கெனப் பெற்றவை தாமே விடுவிக்கப்படும் ஏற்பாடு 2007 இல் வந்தது. நிரற்கூறு முடியும் இடத்திற் பொருள் தானாக விடுவிக்கப்படும் ஏற்பாடு 2023 இல் 6.5 ஆம் பதிப்பில் வந்தது. 2022 இல் 6.1 ஆம் பதிப்புடன் நுழைந்த ரஸ்ட் மொழி, ஒவ்வொரு பொருளுக்கும் உரியவரை நிரலிலேயே வற்புறுத்திக் கேட்கிறது. இவை யாவும் வரவேற்கத்தக்கன. ஆயினும் ரஸ்ட் வந்தாற் கசிவு ஒழியும் என முழங்குவோர், அம்மொழி கசிவைப் பாதுகாப்பு மீறலாகக் கொள்வதில்லை என்பதை அறிதல் வேண்டும். ஒன்றையொன்று பற்றிநிற்கும் இரு பொருள்களின் எண்ணிகள் அங்கும் பூச்சியத்தை அடையா.

கருவி தேடித் தரும், மொழி துணைநிற்கும், தீர்மானம் மனிதருடையது. பெறுபவர் எவரோ அவரே கொடுப்பவரா, அன்றேல் கடமை பிறருக்குக் கைமாறியதா என்பதை எழுதும்போதே எழுதிவைப்பதும், எழுதப்படாததை ஏற்க மறுப்பதும் நிரலைச் சரிபார்க்கும் ஒவ்வொருவரின் கடனாகும். அக்கடனைத் தட்டிக்கழித்துவிட்டு, அழிவு நேர்ந்தபின் ஒருவரின் கவனக்குறைவைத் தேடுவது விசாரணையன்று, பொறுப்பிலிருந்து தப்பியோடுதலே.