கிளிமூக்குச் சேவலுக்குக் கடன்பெயர் எதற்கு?

செட்டிநாடு காண வருவோர் கானாடுகாத்தானில் 1912-இல் கட்டி முடிந்த அரண்மனையின் வாயிலில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பின்னர் உணவகத்தில் அமர்ந்து 'செட்டிநாட்டுக் கோழி' கேட்கின்றனர். மிளகும் சோம்பும் கல்பாசியும் செட்டிநாட்டுக் கைப்பக்குவந்தான். கோழியோ பெரும்பாலும் ஆறு கிழமையில் பருக்கவைத்த 'பிராய்லர்'. அதன் தந்தைவழி கார்னிசு என்னும் இனம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியார் 19-ஆம் நூற்றாண்டில் இந்நிலத்துப் போர்ச்சேவலைக் கொண்டுபோய் இணைசேர்த்து ஆக்கியது அது. 'இந்தியன் கேம்' என்றே அவர்கள் அதனை அழைத்தனர். நம் சேவலின் நெஞ்சுத்தசை கடல் கடந்து, பெயர் மாறி, விலைப்பொருளாய் மீண்டு வந்து நம் இலையிலேயே விழுகின்றது. இதை அறிந்து உண்பார் எத்தனை பேர்?

போனது போகட்டும். இன்றும் நம் கையில் உயிரோடுள்ள சேவலுக்கு நாம் செய்வது என்ன?

திண்டுக்கல் முதலிய ஊர்களில் கிளிமூக்கு விசிறிவால் சேவற் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. கிளியினது போல் குறுகி வளைந்த அலகு, தலையோடு படிந்த சிறு கொண்டை, வெள்விழி, நிலம் தொட்டு விரியும் வால் ஆகியவற்றை நோக்கிப் பரிசு வழங்குகின்றனர். ஒரு சேவல் இலக்க உருபாவுக்கு மேலும் விலைபோகின்றது. போருக்கு விடாமல் அழகுக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஆக்கிய பறவை இது. எந்தப் பெடையின் முட்டை எந்தச் சேவலுக்கு உரியது, எக்குஞ்சுக்கு வால் நீளும், எதற்கு நீளாது என்பனவற்றை ஏடும் எழுத்துமின்றி நினைவிலேயே வைத்திருக்கும் எளிய மக்களின் அறிவு இதனுள் அடங்கியுள்ளது. கல்லூரியில் பயின்ற நம்மனோர் இவ்வறிவின்முன் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஆனால் இதே சேவலை விற்கப் புகுந்தவுடன் விளம்பரத்தில் எழுதுவது என்ன? 'பேரட் பீக் லாங் டெயில் அசீல்', 'சோ குவாலிட்டி', 'பியூர் லைன்'. கிளிமூக்கு என்றால் விலை குறைந்துவிடுமா? விசிறிவால் என்றால் வால் சுருங்கிவிடுமா? அசீல் என்பது அரபுச் சொல். குடிப்பிறப்பின் தூய்மையைக் குறிப்பது. தன் சேவல் தூயது என்று சொல்லவே பிறன் மொழியில் கடன் வாங்குகின்ற தமிழனை என்னென்பது!

பெயர் எதுவாயின் என்ன, சேவல் சேவல்தானே என்பாரும் உளர். அவர்கட்கு ஒன்று காட்டுவோம். அரியானாவின் கர்னாலில் நடுவணரசின் விலங்கு மரபுவளப் பணியகம் இருக்கின்றது. நாட்டின் கால்நடை இனங்களைப் பதிவுசெய்வது அதன் வேலை. அசீல் என்ற பெயருக்கு நேரே அது காட்டும் தாயகம் சத்தீசுகர், ஒடிசா, ஆந்திரம். தமிழ்நாடு அங்கில்லை! அப்பெயரைச் சூடிக்கொண்டு போகும் நம் சேவல் தன் பிறந்தகத்தைத் தானே மறுத்துவிடுகின்றது. நாயினத்தைப் பாருங்கள். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தம் ஊர்ப்பெயரை விடவில்லை. இராசபாளையம் 2005-இல் அஞ்சல்தலையில் ஏறிற்று. 2020-இல் இரண்டுமே தமிழ்நாட்டினம் என்று பதிவாயின. ஊர்ப்பெயர் உரிமையைக் காத்தது.

பெயருக்கு நாம் பிறர் வாயில் நிற்கும் ஏழைகளும் அல்லேம். அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் பொருது மாண்ட சேவல்களுக்கு நடுகல் நட்டு எழுத்தும் பொறித்தனர் நம் முன்னோர். இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. அரசர்க்கு மட்டுமா பெயர் வெட்டினர்? உறையூருக்கே கோழி என்று பெயர். குப்பைமேட்டுச் சேவற்போரை உவமை சொன்னமையாலேயே குப்பைக்கோழியார் என்று பெயர்பெற்ற புலவர் குறுந்தொகையில் இருக்கின்றார். இன்றும் வளர்ப்போர் நாவில் நிறம்பற்றிக் காகம், வல்லூறு, ஆந்தை, மயில், கீரி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. ஒரே சொல்லில் பறவையின் நிறம் முழுதும் கண்முன் நிற்கின்றதே!

இங்கிலாந்தார் 1835, 1849-ஆம் ஆண்டுச் சட்டங்களால் சேவற்போரைத் தடுத்தனர். வளர்ப்போர் கண்காட்சிக்குத் திரும்பினர். 1865-இல் ஒவ்வோரினத்துக்கும் உரிய உறுப்பிலக்கணத்தைத் தம் மொழியில் நூலாக்கினர். அமெரிக்கர் 1874-இல் செய்தனர். இந்தியாவில் விலங்குகளைப் போரிடத் தூண்டல் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாயிற்று. நாமும் கண்காட்சிக்குத் திரும்பினோம். ஆயினும் நம் அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கின்றது. எழுத்தில் அளவு இல்லாவிடத்துச் சந்தை அளவு வகுக்கும். சந்தைக்குத் தெரிந்தவை மூக்கும் வாலுமே. அலகு மேன்மேலும் வளைந்து தவசம் பொறுக்கத் தடுமாறும் சேவலுக்கு ஒருவன் பரிசளிப்பான். கால் வலுவற்று வாலை மட்டும் இழுத்து நடப்பதை இன்னொருவன் மிகுவிலைக்கு வாங்குவான். கேட்பார் யார்?

காட்சி நடத்தும் அன்பர்களே, நுழைவுத்தாளைத் தமிழில் அச்சிடுங்கள். அதில் தாய்ச்சேவல், தாய்ப்பெடை, நிறம், எடை, பிறந்த ஊர் எழுத இடம் விடுங்கள். கண்டறிந்த முதியோர் சொல்லக் கேட்டு, அலகு முதல் வால்நுனிவரை உறுப்பிலக்கணம் எழுதுங்கள். நடுவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லட்டும். செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கின்றது. அங்கே இவ்வினத்துக்கு ஒரு கூடு அமைக்க அரசைக் கேளுங்கள். கர்னாலுக்கு விண்ணப்பம் எழுதும்போது பெயருக்குரிய கட்டத்தில் 'கிளிமூக்கு விசிறிவால்' என்றே எழுதுங்கள். தாயகம் என்னுமிடத்தில் தமிழ்நாடு என்று எழுதுங்கள்.