இல்லற உதவி: சுழல்தட்டு தந்த பாடம்

அயலூரில் குடியமர்ந்த நம் போன்ற குடும்பங்களுக்குச் சலவை இயந்திரம் இன்று ஆடம்பரப் பொருளன்று. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீட்டில் அது பெருந்துணை. அத்துணை சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நம் குவார்ட்டர்ஸில் கைவிட்டது. மோட்டார் உறுமிற்று, துணிகளோ அசையவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், மோட்டாரே போயிற்றென்று தீர்ப்புக் கூறி, நம் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கேட்டார். ஒரு நாள் தவணை சொல்லி அனுப்பினோம்.

அன்றிரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அடியிலுள்ள தட்டைக் கையால் திருப்பினோம், திரும்பவில்லை. நடுவிலுள்ள திருகாணியைக் கழற்றித் தட்டைத் தூக்கியதும் உண்மை வெளிப்பட்டது. பாவாடை நாடா ஒன்று தண்டினைச் சுற்றி இறுகிக் கிடந்தது; அருகில் ஒரு ரூபாய் நாணயம்! நாடா காணவில்லையென்று இல்லாள் பத்து நாளாகச் சொல்லி வந்ததை நாம்தாம் செவிமடுக்கவில்லை. அதை அறுத்தெடுத்ததும் இயந்திரம் பழையபடி ஓடிற்று.

துணியின் அழுக்கை நீக்குவதில் முதன்மையானது இத்தட்டே. பல்சேட்டர் எனப்படும் இது, ஒருபுறம் சுழன்று, சற்றே நின்று, மறுபுறம் சுழலும். அதனால் நீர் துணியினூடே பாய்கிறது. துணியும் அதிகம் முறுக்கிக்கொள்வதில்லை. சில இயந்திரங்களில் தட்டுக்குப் பதிலாகத் தூண்போல் உயர்ந்த அஜிடேட்டர் இருக்கும்.

பராமரிக்கும் முறை எளிது. சட்டைப் பைகளைச் சோதித்துப் போடுக. நாடாக்களை முடிந்து, எட்டு முழ வேஷ்டியையும் புடவையையும் தளர மடித்துப் போடுக. தொட்டியைத் துணியால் திணிக்கலாகாது. உறுமல் மட்டும் கேட்டால் உடனே நிறுத்துக. தாமதித்தால் மோட்டார்ச் சுருள் உண்மையாகவே எரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை தட்டைக் கழற்றித் தூரிகையால் தேய்த்துக் கழுவுக. உப்புநீர் உள்ள ஊர்களில் தட்டு தண்டோடு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான வினிகரை ஊற்றி ஊறவிட்டு, இருபுறமும் கயிறு கொடுத்து மேலே இழுக்கலாம். திருப்புளியால் நெம்பினால் விளிம்பு உடையும். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, நச்சுவாயு எழும்.

தண்டு சுழன்றும் தட்டு நின்றால், தட்டின் உட்பற்கள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்கவும். அவ்வாறாயின் தட்டை மட்டும் மாற்றினாற் போதும். தண்டே சுழலாவிடில் பெல்ட்டைச் சோதிக்கச் சொல்லுக. அடியில் நீர் கசிந்தால் தண்டைச் சூழ்ந்த ரப்பர் சீல் பழுதாகியிருக்கலாம். அப்போது மெக்கானிக்கை அழைக்கத் தயங்கலாகாது.

யாரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. மொழி முழுதும் வசப்படாத ஊரில் பிறர் சொல்லையே நம்பி வாழ வேண்டியவர்கள் நாம். நம் வீட்டுப் பொருளின் உள்ளமைப்பைச் சிறிதேனும் அறிந்திருந்தால், எதைச் சரிசெய்ய வேண்டுமென்று நாமே கேட்கலாம். வீட்டிலுள்ளோர் சொல்வதையும் முதலிலேயே காதில் வாங்கினால் பணம் மிஞ்சும்.