கார் கொட்டகையில் பீர்

தரை வீட்டுக்குக் குடிபோன நண்பர், கார் கொட்டகையில் பீர் தயாரிக்க 100 லிட்டர் எஃகுப் பானை வாங்கப்போவதாகச் சொன்னார். "30 லிட்டர் போதுமே" என்றேன். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ஒரு வீட்டில் மாதத்திற்கு அவ்வளவுதான் தயாரிக்கலாம். அதுவும் சொந்தப் பயனுக்கு மட்டும். விற்கக் கூடாது, சாராயமாகக் காய்ச்சி வடிக்கவும் கூடாது.

பானையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு குளிர்பெட்டி வாங்கச் சொன்னேன். ஏல் வகை ஈஸ்ட்டுக்குச் சுமார் 20 டிகிரி செல்சியஸ் இதம். நம் ஊர் வெக்கையில் சுவை கெட்டுவிடும்.

காற்றோட்டம் அதைவிட முக்கியம். மூடிய கொட்டகையில் எரிவாயு அடுப்பை எரித்தால், கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கலாம். பீர் புளிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவோ காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.