கிருமியைக் கொன்றால் புற்றுநோய் போய்விடுமா?

"பாக்டீரியாதான் நுரையீரல் புற்றுநோயை வளர்க்குது, ஆன்டிபயாடிக் போட்டா கட்டி சுருங்கிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க மக்களே. அதுக்காக வெறும் உளறல்னு தள்ளிடவும் வேண்டாம். பாதி உண்மை இருக்கு, அதனால்தான் பயமாவும் இருக்கு.

பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை என்று வகுப்பில் கேட்பீங்க. வரவு எது, செலவு எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், இது புரியும்.

முதலில் அந்தப் பாதி உண்மை. 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டைலர் ஜாக்ஸ் குழு, நுரையீரல் புற்று வரும்படி மரபணு மாற்றிய எலிகளை வைத்து ஆராய்ந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கும், ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளுக்கும் கட்டி குறைவாகவே வளர்ந்தது. நுரையீரலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நம் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையைத் தூண்டிவிட, அவை கக்கும் ஐஎல்-17 என்ற சரக்கு கட்டிக்கு உரமாகிறது.

அதற்கு முந்தைய வருஷம், 2018-ல், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் இன்னொன்று தெரிந்தது. எலியின் நுரையீரலில் மார்பகப் புற்று செல்கள் தூங்கிக் கிடந்தன. பாக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் எல்.பி.எஸ் என்ற பொருளை மூக்கு வழியே கொடுத்து அழற்சி உண்டாக்கினார்கள். கிருமியைப் பிடிக்க வெள்ளையணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசின. அந்த வலையில் ஒட்டியிருந்த நொதிகள் பக்கத்துத் திசுவின் புரதத்தை வெட்ட, தூங்கிய செல்கள் முழித்துப் பெருகின. சிகரெட் புகையும் இதே வேலையைச் செய்தது.

ஆக, புற்று செல்லுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் கிருமி இல்லை, நம்ம வீட்டுக் காவல்காரன்தான்!

சரி, அப்போ ஆன்டிபயாடிக் போட்டால் என்ன? இங்கேதான் என் சண்டை.

ஒன்று, அந்த எலிகளுக்குக் கட்டி வராமலே போகவில்லை. வளர்ச்சிதான் குறைந்தது. எலிக்கணக்கை மனுஷன் பெயரில் பற்று எழுத முடியாது.

இரண்டு, 2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மனிதர்களிடமே பார்த்தார்கள். நுரையீரல், சிறுநீரகப் புற்றுக்கு இம்யூனோதெரபி எடுத்தவர்களில், அந்தச் சமயத்தில் ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்ததுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். இந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

மூன்று, "வயிற்றுக்கு மட்டும் கொடுக்கிறாங்களே?" என்பீங்க. ஹெலிகோபாக்டர் பைலோரி புற்றுநோய்க் காரணி என்று 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. அங்கே குற்றவாளி ஒரே கிருமி, அடையாளம் தெரியும். நுரையீரலில் அப்படிக் கைகாட்ட ஒற்றைக் கிருமி இல்லை.

நாலாவது, எல்லாரும் மறப்பது. அம்புக்குறி தலைகீழாகவும் பாயும். கட்டி மூச்சுக்குழாயை அடைத்தால் சளி தேங்கி அங்கே நிமோனியா வரும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டால் காய்ச்சல் விடும், கட்டி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். காசநோய் என்று நினைத்து மாசக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகு புற்று என்று தெரியவருவதும் நம்ம ஊரில் நடப்பதுதான். அந்த மாசங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்க. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால் ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்க. கீமோ எடுக்கிறவருக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் இதைப் படித்துவிட்டு நிறுத்திடாதீங்க, அங்கே தொற்றே உயிரைக் குடிக்கும். நான் எதிர்ப்பது மருந்தை அல்ல, காரணம் தெரியாமல் விழுங்குவதை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மருந்துக்கடை அண்ணனும் டாக்டர் இல்லை :-)