சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

காரின் பின்பக்கத்திலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் வருகிறது என்று கராஜ் ஒன்றில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் காரை உயர்த்திப் பார்ப்பதற்கு முன்னரே, "சொக் அப்சோபர் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும்" என்ற தீர்ப்பு வந்துவிடும்.

கடந்த வருடம் எனது காருக்கும் இந்தத் தீர்ப்பே கிடைத்தது. இரண்டும் மாற்றப்பட்டன, பணம் போனது, சத்தம் போகவில்லை. பின்னர் முதிய திருத்துநர் ஒருவர் என் அருகில் ஏறி அமர்ந்து, குண்டும் குழியுமான ஒழுங்கை ஒன்றில் மெதுவாக ஓட்டச் சொன்னார். குழியில் இறங்கும்போது மட்டுமன்றி, பிரேக் பிடிக்கும்போதும் அதை விடும்போதும் சத்தம் எழுவதைக் கவனித்தார். பின் அச்சைக் காரின் உடலோடு இணைக்கும் றப்பர் புஷ் கிழிந்திருந்தது. அது முற்றாகப் பழுதடைந்தால், வேகமாகச் செல்கையில் பிரேக் பிடிக்கும்போது காரின் பின்பகுதி ஒரு பக்கம் இழுபடும். தவறான திருத்தம் பணத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. உண்மையான ஆபத்தையும் அப்படியே விட்டுவைக்கிறது.

இந்தச் சத்தத்துக்குக் காரணங்கள் பல. டிக்கியில் இறுக்கப்படாத ஜக்கோ மேலதிகச் சில்லோ அதை எழுப்பலாம். ஆகவே முதல் வேலை டிக்கியை வெறுமையாக்கி ஓட்டிப் பார்ப்பது. அதற்குச் செலவே இல்லை. அடுத்து, புகைக்குழாயைத் தாங்கும் றப்பர்கள் தளர்ந்துள்ளனவா என்று, குழாய் ஆறியிருக்கும்போது அசைத்துப் பார்க்கலாம். அதன் பின்னரே சொக் அப்சோபரின் மேல் நட், அதன் றப்பர், ஸ்பிரிங்கின் உடைந்த அடிச்சுருள், புஷ்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே போகக்கூடாது. உறுதியான தாங்கிகள் அவசியம்.

புஷ்ஷை மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் றப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும், விரைவில் கிழிந்துவிடும். காரின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாதவர்கள் அல்லர் எமது திருத்துநர்கள். பிரச்சினை கூலி முறையில் இருக்கிறது. வைத்தியர் பரிசோதித்துவிட்டு மருந்து தேவையில்லை என்றாலும் அவரது கட்டணத்தைக் கொடுக்கிறோம். ஒரு மணித்தியாலம் செலவிட்டு, தளர்ந்த நட் ஒன்றைக் கண்டுபிடித்து இறுக்கிக் கொடுத்தவரிடமோ, "நட் இறுக்கியதற்கு இவ்வளவா?" என்று கேட்கிறார்கள். பாகத்தை மாற்றினால்தான் வருமானம் என்றால், அவர் பாகத்தை மாற்றத்தானே செய்வார்?

இலங்கையில் இது சிறிய விடயமன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகம் தேடி அலைபவருக்கு, தேவையற்ற ஒரு சோடி சொக் அப்சோபர் என்பது பிள்ளையின் ரியூஷன் கட்டணத்தில் கைவைப்பதாகும்.

எனவே, சோதனைக்கென்று ஒரு கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திருத்துநரைக் காரில் ஏற்றிச் சென்று சத்தத்தைக் கேட்கச் செய்யுங்கள். பழுது எதுவென்று கண்ணால் காட்டும்படி கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். கராஜ்களும் சோதனைக் கட்டணத்தைப் பற்றுச்சீட்டில் தனியாக எழுதட்டும். அதைக் கொடுக்கத் தயங்குபவர், கடைசியில் தேவையற்ற பாகத்தின் விலையாக அதைவிடப் பல மடங்கு கொடுக்க நேரிடும்.